3+0, 3+2, 10+0: பிளிட்ஸ் ரேட்டிங் ஏறாதவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மாலையில் புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் யாராவது போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் 3+0 ஆகத்தான் இருக்கும். பிளிட்ஸ் என்னும் அதிவேக ஆட்டம் இது: ஆளுக்கு மூன்று நிமிடம், கூடுதல் வினாடி கிடையாது. அரியாங்குப்பத்தில் ஆரம்பித்தது தவளக்குப்பம் வருவதற்குள் முடிந்துவிடும், உடனே அடுத்தது. வருஷக்கணக்கில் இப்படி ஆடியும் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) அதே இடத்தில் நிற்கிறது என்றால், பார்க்க வேண்டியது மூன்று: எந்த நேரக்கணக்கில் ஆடுகிறீர்கள், ஆடி முடித்த ஆட்டத்தை எதை வைத்து அலசுகிறீர்கள், மிச்ச நேரத்தில் என்ன பயிற்சி செய்கிறீர்கள்.

நேரக்கணக்கு

ஓர் ஆட்டம் 40 நகர்வு என்று வையுங்கள். 3+0-இல் கையிருப்பு 180 வினாடி, நகர்வுக்கு நாலரை. 3+2-இல் ஒவ்வொரு நகர்வுக்கும் 2 வினாடி கூடும் (இன்க்ரிமென்ட்), அந்த 80 சேர்ந்து 260, நகர்வுக்கு ஆறரை. 5+0-இல் ஏழரை, 10+0-இல் 15. 15+10 என்றால் 1,300 வினாடி, நகர்வுக்கு 32 சொச்சம். ஆட்டம் 60 நகர்வுக்கு நீண்டால் 3+2-உம் 5+0-உம் சமமாகிவிடும், இரண்டிலும் 300 வினாடிதான். ஆனால் அந்த 300 கைக்கு வரும் விதம் வேறு. 5+0-இல் எல்லாம் முதலிலேயே கிடைப்பதால் ஆரம்பத்திலேயே செலவாகிவிடும். 3+2-இல் ஒரு பங்கு கடைசி வரை வந்துகொண்டே இருக்கும்.

இலவச செஸ் தளமான லிச்செஸ் தன் பிரிவுகளைப் பிரிப்பதும் இந்த 40 நகர்வுக் கணக்கில்தான். அதனால் அங்கே 2+1 ஆடினால் 160 வினாடி, அது பிளிட்ஸைவிட வேகமான புல்லட். 10+0-ஐ லிச்செஸ், செஸ்.காம் இரண்டு தளங்களுமே பிளிட்ஸைவிட நிதானமான ராபிட் என்கின்றன. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே 60 நகர்வு கணக்குப் போட்டு, 10 நிமிடமும் அதற்குக் கீழும் பிளிட்ஸ் என்கிறது. ஆகவே ஆன்லைனில் "என் ராபிட் 1600" என்று 10+0-ஐ வைத்துச் சொல்பவர், ஃபிடே கணக்கில் பிளிட்ஸ்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்.

3+0-க்கு ஒரு நன்மை உண்டு. ஒரு மணி நேரத்தில் பத்து ஆட்டம் ஓடும், புதிதாகப் பிடித்த ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க நகர்வு வரிசை) கையில் படிய இது போதும். அதைத் தாண்டி அதில் கற்க அதிகம் இல்லை என்பது எங்கள் கருத்து. கடைசிப் பத்து வினாடி செஸ்ஸே அல்ல, விரல் வேகம். எதிராளி ஆடும் முன்பே அடுத்த நகர்வைப் பதிந்துவைக்கும் ப்ரீமூவ் போட்டால் லிச்செஸில் நேரமே கழியாது, செஸ்.காமில் 0.1 வினாடி கழியும். ஒரு யானை கூடுதலாக வைத்திருப்பவர் ஃப்ளாக் விழுந்து, அதாவது நேரம் தீர்ந்து, தோற்பதும், தோற்க வேண்டியவர் அர்த்தமில்லாத செக் வைத்தே ஜெயிப்பதும் இங்கே சகஜம். எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், வந்தும் ஆடப்படாமலே போகிறது. ஆயிரம் ஆட்டம் ஆடியவருக்கும் யானை எண்ட்கேமில் ஃபிலிடார் தற்காப்பு தெரியாமல் இருப்பது இதனால்தான்.

3+2-இல் நிலைமை வேறு. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் ஆடப்படுவதும் இதே கணக்கில்தான். அந்த ஃபிலிடார் தற்காப்பையே எடுங்கள்: எதிராளியின் சிப்பாய் முன்னேறும்வரை உங்கள் யானை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையைப் பூட்டி நிற்க வேண்டும், சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானை பின்னால் போய்ச் செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தெரிந்தவருக்கு நகர்வுக்கு இரண்டு வினாடி தாராளம். தெரியாதவருக்கு இருபது வினாடியும் போதாது. ஜெயித்ததும் தோற்றதும் ஓரளவு ஆட்டத்தாலேயே முடிவாவதால், அலசுவதற்கும் விஷயம் இருக்கும்.

இதிலும் ஒரு கெட்ட பழக்கம் தொற்றும்: "அதான் ரெண்டு செகண்ட் வருதே" என்று 20-ஆம் நகர்விலேயே கடிகாரத்தைக் காலி செய்வது. அதன்பின் ஆட்டம் முழுக்க இரண்டு வினாடியில் ஓடும், அது 3+0-ஐ விட மோசம். எல்லைக் கோடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: 15-ஆம் நகர்வு முடியும்போது கடிகாரத்தில் 2:00 இருக்க வேண்டும், 30-ஆம் நகர்வில் 0:40-க்குக் குறையக் கூடாது. இதைத் தொடர்ந்து தவறவிட்டால் கோளாறு ஓப்பனிங் அறிவிலோ முடிவெடுக்கும் பழக்கத்திலோ இருக்கிறது.

10+0 இரண்டுங்கெட்டான். யோசிக்க நேரம் இருப்பதுபோல் தோன்றும், எண்ட்கேம் வந்ததும் 3+0-இன் அதே ஃப்ளாக் சண்டை. யோசித்துப் பழக வேண்டியவர், அதாவது ஒரே நகர்வில் காய் கொடுத்துவிடுபவர், நேராக 15+10-க்குப் போவதே மேல்.

அலசல்

செஸ்.காமின் ஆட்ட மதிப்பாய்வு பார்க்க இதமாக இருக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் பட்டம், பயிற்சியாளர் பேச்சு, சதவீதத்தில் துல்லியம், "இந்த ஆட்டத்தில் நீங்கள் இத்தனை ரேட்டிங் அளவுக்கு ஆடினீர்கள்" என்று ஓர் எண். இலவசக் கணக்குக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. லிச்செஸில் கட்டணமே இல்லை, தோற்றம்தான் கொஞ்சம் வறட்சி: நகர்வுக்குச் சராசரி இழப்பு, யார் கை ஓங்கியது என்று காட்டும் வளைவரை, சந்தேக நகர்வு, தவறு, பிளண்டர் (பெருந்தவறு) என்ற மூன்று குறிகள். தவறிய இடங்களை மட்டும் மறுபடி கொண்டுவந்து நிறுத்தி "சரியானதை ஆடு" என்று கேட்கும் பொத்தானும் உண்டு.

துல்லியச் சதவீதத்தை யாரும் நெஞ்சில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். எதிராளி எட்டாம் நகர்விலேயே ராணியை விட்டுவிட்டால் உங்களுக்கு 95 வரும். கடுமையாகப் போராடி டிரா செய்த ஆட்டத்துக்கு 78 வரும். இரண்டு தளங்களும் கணக்கிடும் முறையும் ஒன்றல்ல, ஒன்றின் எண்ணை மற்றதோடு வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ரேட்டிங்குக்கும் இதே கதைதான். லிச்செஸ் புதியவரை 1500-இல் தொடங்க வைக்கிறது. ஃபிடேயோ 2024 மார்ச்சிலிருந்து 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கொடுப்பதில்லை. "லிச்செஸில் 1700, டோர்னமென்டில் ஏன் 1450?" என்று பையனைக் கேட்கும் அப்பா அம்மா இதைக் கவனிக்க வேண்டும்.

பிளிட்ஸுக்கு எங்கள் ஓட்டு லிச்செஸுக்கு. காரணம் ஒன்றே ஒன்று: வளைவரைக்குப் பக்கத்திலேயே நகர்வு நேர வரைபடம் இருக்கிறது, ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை வினாடி போனது என்று குச்சி குச்சியாகக் காட்டும். எஞ்சினை (நகர்வுகளை மதிப்பிடும் கம்ப்யூட்டர் நிரல்) திறப்பதற்கு முன் அதைத் திறக்க வேண்டும்.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 34-ஆம் நகர்வில் குதிரை ஃபோர்க்கில் (ஒரே காய் இரண்டைச் சேர்த்துத் தாக்குவது) யானை போனது, எஞ்சின் அங்கே பிளண்டர் குறியான "??" போட்டிருக்கிறது. அந்த நகர்வுக்கு எடுத்த நேரம் 1.8 வினாடி, கடிகாரத்தில் மிச்சம் 6. வரைபடத்தில் உயரமான குச்சி எங்கே என்று தேடினால் 12-ஆம் நகர்வில் நிற்கிறது, 41 வினாடி. அங்கே யானையை டி1 கட்டத்துக்குக் கொண்டுபோவதா, இ1-க்கா என்று யோசித்திருக்கிறார். எஞ்சின் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 சிப்பாய். பிளண்டர் 34-இல் நடந்தது, தோல்வி 12-இல் தொடங்கியது. எஞ்சினை மட்டும் பார்ப்பவர் "ஃபோர்க்கைப் பார்க்கவில்லை" என்று எழுதிக்கொண்டு ஃபோர்க் பஸிலாகப் போட்டுத் தள்ளுவார், அடுத்த வாரமும் இதேபோல்தான் தோற்பார்.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4-க்கு வர, கறுப்புக் குதிரை டி4-க்குத் தாவுகிறது. இ5 சிப்பாய் சும்மா நிற்பதுபோல் தெரியும். குதிரையால் அதை எடுத்தால் கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து குதிரையையும் ஜி2-வையும் சேர்த்துப் பிடிக்கும். பேராசையில் குதிரை எஃப்7-ஐ வெட்ட, ராணி ஜி2-வை வெட்டும். யானை எஃப்1 போக, ராணி இ4-இல் செக். பிஷப்பை இ2-இல் குறுக்கே வைத்தால் குதிரை எஃப்3-இல் இறங்கி மேட். ஏழே நகர்வு. இப்படித் தோற்ற ஆட்டத்தின் வரைபடத்தில் நாலாவது நகர்வுக்கு ஒரு வினாடிதான் இருக்கும், கடிகாரத்திலோ 2:50 மிச்சம். இது நேரப் பஞ்சம் அல்ல. இனாமாகத் தெரியும் எதையும் எடுப்பதற்கு முன் ஐந்து வினாடி நிற்பதுதான் மருந்து. டி4 குதிரையைக் குதிரையால் வெட்டியிருந்தால் வெள்ளைக்கு நிம்மதியான ஆட்டம்.

கடைசி 20 தோல்விகளை எடுத்து இப்படிப் பிரியுங்கள்: நிலை நன்றாக இருந்தும் ஃப்ளாக் விழுந்தவை, நேரம் இருக்கும்போதே காய் கொடுத்தவை, 15 வினாடிக்குக் கீழே வந்தபின் காய் கொடுத்தவை, எண்ட்கேமில் நழுவியவை. முதலாவதும் மூன்றாவதும் ஒரே நோய், அதற்கு 3+2-உம் மேலே சொன்ன எல்லைக் கோடும். இரண்டாவதற்கு நாளொன்றுக்கு ஒரு 15+10. நாலாவதற்கு லிச்செஸின் போர்டு எடிட்டரில் அந்த நிலையை அப்படியே அடுக்கி, கம்ப்யூட்டரோடு 1+2 கணக்கில் திரும்பத் திரும்ப ஆடுவது.

போனா, லேப்டாப்பா?

போனில் இழுத்து வைப்பதைவிட, காயைத் தொட்டு கட்டத்தைத் தொடுவது பிசகாது. நகர்வை உறுதி செய்யக் கேட்கும் அமைப்பை பிளிட்ஸில் அணைத்துவிடுங்கள், நகர்வுக்கு அரை வினாடி அதில் போகும். சிப்பாய் கடைசிக் கட்டம் சேர்ந்ததும் தானாக ராணியாகும்படி வைப்பதும் நல்லது. சாதாரண நெட்வொர்க் தாமதத்தை லிச்செஸ் ஓரளவு ஈடுகட்டும், சிக்னலே போய்விட்டால் உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓடும் பஸ்ஸிலும், வடகிழக்குப் பருவமழையில் கரன்ட் போய்ப் போய் வரும் நாட்களிலும் ரேட்டிங் ஆட்டம் வேண்டாம், பஸில் போடுங்கள்.

ஃப்ளாக் விழும்போது தளத்துக்குத் தளம் விதியும் மாறும். உங்களிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும் இருக்க உங்கள் நேரம் தீர்ந்தால் செஸ்.காமில் டிரா. லிச்செஸில் தோல்வி, ஏனென்றால் எப்படியாவது மேட் ஆக வழி இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஹாலில் நடக்கும் ஒருநாள் போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஆன்லைனில் விதி மீறிய நகர்வைத் தளமே தடுத்துவிடும், மேஜையில் யாரும் தடுக்கமாட்டார்கள். செக்கில் ராஜாவை விட்டுக் கடிகாரத்தை அமுக்கினால் பிளிட்ஸில் எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடும், இரண்டாம் முறை ஆட்டமே போகும். காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அமுக்க வேண்டும் என்பதும் ஆன்லைன் பிள்ளைகள் மறப்பது.

பஸில்

செஸ்.காமின் பஸில் ரஷ், லிச்செஸின் ஸ்டார்ம், ஸ்ட்ரீக் மூன்றையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. நேரம் வைத்த ரஷ்ஷிலும் ஸ்டார்மிலும் கடிகாரம் ஓடும், தெரிந்த வடிவத்தைச் சட்டென்று பிடிக்க அவை உதவும், தெரியாததைக் கற்றுத் தராது. ஸ்ட்ரீக்கில் கடிகாரம் இல்லை, ஒன்று தவறினால் முடிந்தது, அதனால் கடைசி வரை கணக்கிட்டே தீர வேண்டும். பிளிட்ஸில் அவசரப்பட்டுக் காய் கொடுப்பவருக்கு ஸ்டார்ம் இன்னும் அவசரத்தைத்தான் ஊட்டும், அவருக்கு ஸ்ட்ரீக். யோசித்து யோசித்தே நேரம் தீர்ந்துபோகிறவருக்கு ஸ்டார்ம். லிச்செஸின் பஸில் பலகையில் ஃபோர்க், பின் (காயை அசையவிடாமல் கட்டிப்போடுவது), கடைசி வரிசை மேட் என்று வகைவாரியாக எதில் அதிகம் தவறுகிறீர்கள் என்று தெரியும். அதில் அடிமட்டத்தில் இருக்கும் ஒரே ஒரு வகையை எடுத்து, நாளைக்கு 15 வீதம் ஒரு வாரம் போடுங்கள். தவறியவற்றை மறுநாள் முதலில் போட்டு முடித்த பிறகு புதியதைத் தொடுங்கள்.