அளவெடுத்துத் தைத்த உறை என்று சொல்லி 640 பவுண்ஸ் வாங்கினார்கள்: திறந்த கார் வைத்திருப்போர் கவனம்

என்னிடம் இருப்பது 1968ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர். பச்சை நிறம், கம்பிச் சில்லுகள், குரோம் பம்பர். லண்டனில், ஹரோவில் இருக்கிறோம். அப்பா யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ-40 கார் வைத்து ஓடியவர். பெற்றோலும் ரெக்சினும் கலந்த அந்த மணம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை, அதனால்தான் ஐம்பது வயதில் இந்தக் கிறுக்கு. நாற்பது வயது தாண்டிய கார், இங்கே வீதி வரி இல்லை, எம்ஓடி என்கிற வருடாந்த வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை என்று மனைவிக்குக் கணக்குக் காட்டித்தான் வாங்கினேன். இந்தப் பதிவில் வரப்போகும் 640 பவுண்ஸ் அந்தக் கணக்கில் இருக்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: ஆட்கள் இருக்கிற பள்ளத்தை மட்டும், கதவின் உயரத்தில், தட்டையாக மூடுகிற உறையைத்தான் 'டொனோ' என்கிறார்கள். முன்னால் டாஷ்போர்டின் மேல் விளிம்பிலும் பின்னால் டிக்கிக்கு முன்னுள்ள தகட்டிலும் தெறிகளில் மாட்டிக்கொள்ளும். நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு சிப். ஸ்டியரிங் துருத்தி நிற்கும் இடத்தில் அதற்கென்று ஒரு பை. சிப்பைத் திறந்து சாரதி பக்கத்தை மட்டும் மடித்து சீற்றுக்குப் பின்னால் செருகிவிட்டு, மற்றப் பக்கம் மூடியபடியே தனியாக ஓடலாம். ஹீற்றரின் சூடு காலோடு தங்கிவிடும், தலைக்கு மேல் வானம். ஏப்ரல் மாதத்துக் காலையில் அப்படி ஓடிப் பார்த்தவனுக்குத்தான் இந்த உறைக்காக ஒருவன் ஏன் அலைகிறான் என்று விளங்கும்.

எம்ஜிபிக்கு ஆயத்த உறை கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். 1962 தொடக்கம் 1980 வரை அபிங்டனில் லட்சக்கணக்கில் செய்த கார். கிடைக்காத சாமானே குறைவு. ஆனால் எனக்கு முன் வைத்திருந்தவர் சீற்றுகளுக்குப் பின்னால் ஒரு ரோல் பார், அதாவது கார் புரண்டால் தலையைக் காக்கும் கம்பி வளைவு, பூட்டியிருந்தார். இரண்டு கம்பிக் கால்களும் உறை படுக்க வேண்டிய இடத்தில்தான் எழும்புகின்றன. ஸ்டியரிங் சில்லும் பழைய அளவில்லை, சின்னது. ஆயத்த உறை சரிவராது, காரில் வைத்தே வெட்ட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

பழைய கார் சந்திப்பொன்றில் தெரிந்த அண்ணை ஒருவர் கைகாட்டிய பட்டறை அது. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலைக்கு அப்பால், ஒரு தொழிற்பேட்டையில். பெயர் எழுதமாட்டேன், ஊரும் வேண்டாம். போனேன். பட்டறைக்காரர் நல்ல கதைகாரர், வாய்க்கு வாய் 'மேட்'. தொலைபேசியில் ஜாகுவார், ஆஸ்டின்-ஹீலி என்று படம் படமாகக் காட்டினார். பிறகு ஒரு அளவு நாடாவை எடுத்து, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ரோல் பாரின் காலுக்கு ஒன்று என்று அளந்து, நாலு படம் எடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"காரை விட்டுவிட்டுப் போகவா?" என்று கேட்டேன்.

"தேவையில்லை மேட், எம்ஜிபிக்கு என்னிடம் பற்றன் இருக்கிறது. மாட்டும் நாளன்று கொண்டுவந்தால் போதும்."

அந்த இடத்தில் நான் திரும்பி வந்திருக்க வேண்டும். பற்றன், அதாவது வெட்டுவதற்கான மாதிரித் தாள், வைத்திருப்பது குற்றமில்லை, எல்லாத் தையற்காரரும் வைத்திருப்பார்கள். ஆனால் ரோல் பார் ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். ஒரு அங்குலம் பிசகினால் தெறி எட்டாது, அல்லது நடுவில் தொய்ந்து மழைத்தண்ணீர் குளம் கட்டும். உடம்பைப் பார்க்காமல் சட்டை தைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். காரைப் பார்க்காமல் தைக்கிறேன் என்றதற்கு நான் தலையாட்டினேன்.

கறுப்பு ரெக்சின், பழைய காரின் அதே தோல் பதிவு, முழுக்கக் கையால் அளந்து வெட்டியது என்று பேச்சு. விலை 640. முற்பணம் 200ஐக் கடன் அட்டையில் கட்டினேன். அட்டையில் கட்டினால் புள்ளி வரும் என்ற அற்பக் காரணம்தான், வேறொன்றுமில்லை. அந்த அற்பம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது. மிச்சம் 440ஐ வங்கி மாற்றாகத் தந்தால் "ஒரு சிப் கூடுதலாகப் போட்டுத் தருகிறேன்" என்றார். தந்தேன். கூடுதல் சிப்பை இன்றுவரை காணவில்லை.

ஆறு கிழமை என்றது பதினொன்று ஆனது. மாட்டும் நாளில் காரைக் காலையில் விட்டு மாலையில் எடுக்கச் சொன்னார்கள். மாலையில் போனபோது வெளிச்சம் குறைவு, உறை இறுக்கமாக, கறுகறுவென்று வடிவாகத்தான் இருந்தது. மூன்று விடயம் கண்ணில் பட்டது, மூன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது.

என் சீற்றில் தலைதாங்கி இல்லை. உறையிலோ இரண்டு தலைதாங்கிப் பைகள், காற்றுப் போன பலூன் மாதிரித் தொங்கின. "பிறகு நீங்கள் சீற் மாற்றினால் உதவும்" என்றார். இடது பக்கத்தில், ஸ்டியரிங்குக்கு நேரெதிரே, ஒரு பெரிய ஒட்டுத்துண்டு. "கை ஊன்றும் இடம் மேட், பலத்துக்காக வைத்தது." பின் மூலைகளில், தகட்டில், பக்கத்துக்கு இரண்டாகப் புதிதாக நாலு தெறி. "பழைய தெறிகள் சரியான இடத்தில் இல்லை, புதிதாகத் துளைத்துப் போட்டேன், அதற்குக் காசு வேண்டாம்." காசு வேண்டாம் என்றதற்கு நன்றி வேறு சொன்னேன்.

வீடு திரும்பும்போது ஏ40 வீதியில் ஐம்பது மைல் வேகம் தொட்டதும் இடப்பக்கம் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. ஓரம்கட்டிப் பார்த்தால் இரண்டு தெறி கழன்றிருந்தன. அந்த வகைத் தெறிக்கு 'லிஃப்ட்-த-டொட்' என்று பெயர். மூன்று பக்கமும் கெட்டியாகப் பிடிக்கும், சின்னப் புள்ளி பொறித்த நாலாவது பக்கத்தால் தூக்கினால் மட்டும் திறக்கும். அந்தப் புள்ளி உறையின் வெளி விளிம்பைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு உள்பக்கம் பார்த்தபடி அடித்திருந்தார்கள். காற்றில் நடு உறை உப்பும்போது அதுவே தெறியைக் கழற்றிவிடுகிறது. கையால் கழற்றப் போனால் வராது, காற்று வந்தால் வரும்! இதைத் தெரியாமல் செய்கிறவர் இந்தத் தொழிலிலேயே இருக்கக் கூடாது.

அடுத்த கிழமை இரண்டு நாள் மழை. காலையில் பார்த்தால் தலைதாங்கிப் பைகள் இரண்டும் தண்ணீர் நிரம்பிய மடிபோலத் தொங்குகின்றன, ரோல் பார்க் காலைச் சுற்றி வெட்டிய ஓட்டையால் ஒழுகி சீற் நனைந்து கிடக்கிறது. இடப்பக்க ஒட்டுத்துண்டின் பசை ஒரு மூலையில் விட்டிருந்தது. நகத்தால் மெல்லத் தூக்கினேன். அடியில், ரெக்சினில், அரைவட்டமாக வரிசையாக ஊசித்துளைகள். உள்ளே வட்டமாக வெட்டி எடுத்து வேறு துண்டு வைத்த தடம்.

எனக்கு அப்போதும் முழுக்க விளங்கவில்லை. படம் எடுத்து சுன்னாகத்தில் இருக்கிற மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாமா நாற்பது வருடம் குஷன் வேலை செய்தவர். மொறிஸ் மைனரும் ஏ-40உம் அவர் கையால் சீற் கட்டாதது அந்தப் பக்கத்தில் குறைவு. அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது.

"மருமோன், உது உன்ர காருக்குத் தைச்சதில்லை. ரெக்சினில ஒருக்கா ஊசி குத்தினா அந்த ஓட்டை சாகும்வரைக்கும் மூடாது. சீலையெண்டா நூலை இழுத்து மறைக்கலாம், உதில ஏலாது. உந்த அரைவட்டம் என்னத்துக்கு வெட்டினது எண்டு யோசி. உன்ர ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

வலப்பக்கம்.

"அப்ப இடப்பக்கம் ஸ்டியரிங் இருந்த காரின்ர உறை அது. பையை வெட்டி எடுத்து மற்றப் பக்கம் வைச்சிருக்கிறான்."

அதோடு எல்லாம் பொருந்திவிட்டது. எம்ஜிபிகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்குப் போனவை. அங்கே 1969 ஜனவரி தொடக்கம் புதிய கார்களில் முன் சீற்றுக்குத் தலைதாங்கி சட்டப்படி கட்டாயம். அந்தக் கார்களில் பல இப்போது இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றப்படுகின்றன. அப்படி வந்த ஒன்றோடு சேர்ந்து வந்து, யாருக்கும் உதவாமல் மூலையில் கிடந்த உறையாக இருக்க வேண்டும். தலைதாங்கிப் பை மட்டும் என்றால் நான் வாதாட முடியாது, பிந்திய இங்கிலாந்துக் கார்களிலும் தலைதாங்கி உண்டு. இடப்பக்கத்து அரைவட்டத்துக்கு மறுமொழி கிடையாது.

மின்னஞ்சலில் படங்களோடு எழுதினேன். மூன்று நாள் கழித்து இரண்டு வரி: இது உங்களுக்கென்று விசேடமாகச் செய்தது, சட்டப்படி திருப்பி எடுக்க வேண்டியதில்லை.

இதை நம்பித்தான் பலர் அடங்கிப் போகிறார்கள். தொலைவிலிருந்து வாங்கிய பொருளை 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கலாம் என்ற 2013ஆம் ஆண்டு விதியில், ஆளுக்கென்று செய்த பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது மனம் மாறியதற்கு மட்டும். பொருள் பழுது, அல்லது சொன்னது ஒன்று தந்தது ஒன்று என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அளவெடுத்துச் செய்த பொருளுக்கும் பொருந்தும். முதல் 30 நாளுக்குள் நிராகரித்துக் காசைக் கேட்கலாம். நான் 19ஆவது நாள் 'நிராகரிக்கிறேன்' என்ற சொல்லை அப்படியே போட்டு எழுதினேன். சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்கிற இலவச ஆலோசனை அமைப்பில் கதைத்தபோது அங்கிருந்தவர் சொல்லித் தந்த சொல் அது. 'திருத்தித் தாருங்கள்' என்று தொடங்கியிருந்தால் இன்னும் அவர் பட்டறை வாசலில்தான் நின்றிருப்பேன்.

மறுமொழி இல்லை. அப்போதுதான் அந்த 200 பவுண்ஸ் முற்பணம் வேலை செய்தது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு: பொருளின் விலை 100 பவுண்ஸுக்கு மேல், 30,000க்கு மிஞ்சாமல் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கடன் அட்டையில் கட்டியிருந்தால், முழுத் தொகைக்கும் அட்டை நிறுவனம் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பு. டெபிட் அட்டைக்கு இது இல்லை, வங்கி மாற்றுக்கு இல்லவே இல்லை. அட்டை நிறுவனம் கேட்டது இன்னொரு தையற்காரரின் எழுத்து அறிக்கை. அதற்காகத் தேடிப் போனபோதுதான் ஒழுங்கான வேலை எப்படி இருக்கும் என்று கண்டேன்.

அந்தத் தையற்கார அம்மா அறுபது தாண்டியவர், தனியாக வேலை செய்கிறவர். உறையைப் புரட்டிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் மாமா சொன்னதையே சொன்னார். ஒன்று கூட்டியும் சொன்னார்: புதிதாக வைத்த பையின் தையலை மிக நெருக்கமாகப் போட்டிருக்கிறார்கள், முத்திரைத் தாளைக் கிழிக்க ஓட்டை குத்தியதுபோல அந்த வரியிலேயே ரெக்சின் கிழியும் என்று. அறிக்கைக்கு 45 பவுண்ஸ் வாங்கினார். பிறகு புது உறையும் அவரிடமே கொடுத்தேன்.

காரை இரண்டு நாள் வைத்துக்கொண்டார். கதவுகளைப் பூட்டி, சீற்றை நான் ஓடும் நிலையில் வைக்கச் சொல்லி, தெளிவான பொலித்தீன் தாளை முழுப் பள்ளத்துக்கும் விரித்து ஒட்டினார். அதன் ஊடாகக் கீழே தெரியும் ஒவ்வொரு பழைய தெறியையும் பேனையால் குறித்தார். ரோல் பாரின் காலைச் சுற்றி வட்டமாக ஓட்டை போடவில்லை. காலுக்குப் பின்னால் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பு வைத்து, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி செய்தார். தெறிகளை ஒரே நாளில் அடிக்கவும் இல்லை. முன் நடுவில் தொடங்கி, இரு பக்கமும் மாறி மாறி, ஒன்றை மாட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குக் குறி. அதுவும் ரெக்சினை வீட்டுச் சூட்டில் வைத்து இளக்கிய பிறகு. குளிரில் ரெக்சின் சுருங்கும். கோடையில் இழுத்து இறுக்கமாகத் தைத்த உறை மார்கழியில் தெறிக்கு எட்டாது என்பதால் ஒரு சின்ன இளக்கம் விட்டார். குளிர்காலத்தில் மாட்டுமுன் உறையை வீட்டுக்குள் கொஞ்சநேரம் வைக்கச் சொன்னார். நூல் பொலியெஸ்டர். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிப் போகும் என்றார். விலை முதல் ஆளைவிட 70 பவுண்ஸ் குறைவு.

பதினொரு கிழமையில் அட்டை நிறுவனம் 640ஐயும் திருப்பித் தந்தது. பழைய உறையை வந்து எடுக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதினேன், யாரும் வரவில்லை, கராஜ் மூலையில் சுருண்டு கிடக்கிறது.

திரும்பி வராதது ஒன்று இருக்கிறது. புதிதாகத் துளைத்த அந்த நாலு ஓட்டை. அந்த அம்மா தெறிகளைக் கழற்றியபோது வெறுந் தகடு, பூச்சு ஒன்றும் பூசாமல், அதற்குள்ளேயே கறள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அடைத்து, தேய்த்து, அதே பச்சைக்கு நிறம் கலந்து அடிக்க 180 பவுண்ஸ். அதையும் கேட்டேன். காரை விடுமுன் அந்த இடத்தில் ஓட்டை இருக்கவில்லை என்று காட்டப் படம் இருக்கிறதா என்று அட்டை நிறுவனம் கேட்டது. தொலைபேசி முழுக்கத் தேடினேன். முன்பக்கத்தில் இருந்து எடுத்தது நூறு, பிள்ளைகள் ஏறி நின்று எடுத்தது ஐம்பது. பின் மூலைத் தகடு ஒன்றில்கூட இல்லை.

இப்போது எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோவதென்றாலும் முற்றத்தில் நிறுத்தி மூலை மூலையாகப் படம் எடுக்கிறேன். "இஞ்சேருங்கோ, கலியாணவீட்டுக்குக் கூட இவ்வளவு படம் எடுக்கேல்லை" என்கிறாள் மனைவி.