சுவரிலேயே இருந்த ஓவியம், பெயர்த்து விற்ற ஓவியம்

தென் பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இரண்டு சிறிய கிராமத்து தேவாலயங்கள். இரண்டும் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை, ஆனால் அவற்றின் தலைவிதி வேறு வேறு.

முதலாவது சாங் மார்த்தாங் தெ ஃபெனொல்லார். 844-இலேயே ஆவணத்தில் இதன் பெயர் வருகிறது. வெளியே நின்று பார்த்தால் தானியக் கிடங்கு என்றுதான் தோன்றும். உள்ளே 12-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்: குழந்தை பெற்ற களைப்பில் கட்டிலில் சாய்ந்திருக்கும் மரியாள், கையில் நரம்பிசைக் கருவியும் குப்பியுமாக வரிசையாய் உட்கார்ந்திருக்கும், பைபிளின் வெளிப்படுத்தல் நூலில் வரும் முதியவர்கள். காவியும் மஞ்சளும் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. வளைந்த கூரைக்கென்றே வரைந்த உருவங்கள் என்பதால், அண்ணாந்து பார்க்கும்போதுதான் அவற்றின் அளவு சரியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது, ஈல்-சுர்-தெ அருகிலுள்ள கஸனோவ். 1950-களில் இதன் ஓவியங்களைச் சுவரிலிருந்து உரித்து விற்றுவிட்டார்கள். சில சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தன. விற்பனைக்குச் சம்மதிக்காத கூட்டு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். சுவரோடு இருக்கும்வரை அசையாச் சொத்து, பெயர்த்ததும் அசையும் சொத்து என்றது 1988-இல் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம். சட்டம் சரிதான், மனசுதான் ஒப்பவில்லை. 1997-இல் ஜெனீவாவில் இருந்தவை ஊர் திரும்பின. ஆனால் பழைய சுவருக்கு அல்ல, ஊரிலுள்ள காட்சிக்கூடத்துக்கு.

அங்கே ஓவியத்தை நிதானமாகப் பார்க்கலாம், பாதுகாப்பும் உண்டு. ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், நான் ஃபெனொல்லாருக்கே போகச் சொல்வேன்.