ஸ்பர்ஸின் அடுத்த கோச்: என் ஓட்டு கிளாஸ்னருக்கு, காரணம் தொடைத்தசை

2025 ஜூன் 6 அன்று தன் கோச் ஆஞ்ச் போஸ்டகோக்லுவை லண்டன் கால்பந்து கிளப்பான டாட்டன்ஹாம் (ஸ்பர்ஸ்) வெளியே அனுப்பிவிட்டது. பில்பாவோவில் யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கி 16 நாள்தான் ஆகியிருந்தது. 2008 லீக் கோப்பைக்குப் பிறகு கிளப் பார்த்த முதல் கோப்பை அது. ஆனால் பிரீமியர் லீகில் 38 ஆட்டங்களில் 22 தோல்வி, 38 புள்ளி, 17ஆம் இடம். அனுப்பியது நியாயமா என்ற சண்டை இன்னும் பல மாதம் ஓடும். 2025 ஜூனில் இதை எழுதும்போது அவசரமான கேள்வி அடுத்து யார் என்பது; கீழே உள்ளதெல்லாம் அந்த நாள் நிலவரம்.

அடிபடும் பெயர்களில் நான்கைத்தான் அலச வேண்டும்: பிரென்ட்ஃபோர்டின் தாமஸ் ஃபிராங்க், போர்ன்மத்தின் அந்தோனி இராவோலா, ஃபுல்ஹாமின் மார்கோ சில்வா, கிரிஸ்டல் பேலஸின் ஒலிவர் கிளாஸ்னர். பழைய ஸ்பர்ஸ் கோச் பொச்செட்டினோவுக்காக எத்தனை பேர் ஏங்கினாலும், 2026இல் சொந்த மண்ணில் உலகக் கோப்பை ஆடப்போகும் அமெரிக்க அணியை விட்டு அவர் இப்போது வரமாட்டார்.

பணத்தை முதலிலேயே ஓரம் வைத்துவிடலாம். ஃபிராங்கின் கான்ட்ராக்ட் 2027 வரை. சுமார் 1 கோடி பவுண்டு கொடுத்தால் அழைத்துக்கொள்ளலாம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மற்ற மூவருக்கும் 2026 வரைதான், பேரம் பேசித்தான் எடுக்க வேண்டும். யாரை எடுத்தாலும் செலவு ஒரு சுமாரான பேக்-அப் வீரருக்குக் கொடுக்கும் தொகைதான். இதை வைத்துக் கோச்சைத் தேர்ந்தெடுப்பது தவறு.

சில்வாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த 2024-25 சீசனில் ஃபுல்ஹாமுக்கு 54 புள்ளி எடுத்துக் கொடுத்தார். அந்த கிளப்பின் பிரீமியர் லீக் சாதனை அது. ஒலிம்பியாகோஸோடு சாம்பியன்ஸ் லீகும் பார்த்திருக்கிறார், 2015இல் எமிரேட்ஸுக்குப் போய் ஆர்சனலை 3-2 என்று வென்றும் இருக்கிறார். குறை சொல்ல இடமில்லாத கோச். ஆனால் ஸ்பர்ஸின் இப்போதைய நோய்க்கு அவரிடம் தனி மருந்து எதையும் நான் பார்க்கவில்லை.

அந்த நோய் காயம். இதில் எல்லாவற்றையும் போஸ்டகோக்லு தலையில் கட்டுவது அநியாயம். விக்காரியோவின் கணுக்கால் எலும்பு உடைந்தது, டிராகுஷினின் முழங்கால் தசைநார் அறுந்தது எல்லாம் துரதிர்ஷ்டம். தொடையின் பின்தசை, ஹாம்ஸ்ட்ரிங், அப்படி இல்லை. வான் டி வென், உடோகி, ரிச்சர்லிசன், ஒடோபெர், வெர்னர் என்று ஒருவர் பின் ஒருவராக அதே தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினால், ஆடும் முறையைத்தான் கேட்க வேண்டும்.

ஹாம்ஸ்ட்ரிங் எப்போது கிழிகிறது? முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அந்தத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்க வேண்டும். அந்த நொடியில்தான் பெரும்பாலும் போகிறது. ஒரு ஆட்டத்தில் உச்ச வேக ஓட்டம் எத்தனை, அடுத்த ஆட்டத்துக்கு இடையில் எத்தனை நாள் என்பவைதான் கணக்கு. 72 மணி நேரத்தில் மறுபடி இறங்கினால் தசை முழுதாக மீண்டிருக்காது.

போஸ்டகோக்லுவின் அமைப்பில் இரண்டு ஃபுல் பேக்குகளும் (ஓரத் தடுப்பாளர்கள்) நடுக்களத்துக்குள் வந்துவிடுவார்கள். பின்னால் மிஞ்சுவது மையக்கோட்டருகே நிற்கும் இரண்டு சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்கள்). பந்து பறிபோனால் எதிரணி அதை ஃபுல் பேக் விட்டுப்போன ஓரத்துக்குத்தான் தூக்கிப் போடும். சென்டர் பேக் திரும்பி, குறுக்காக ஓரம் நோக்கி, பிறகு தன் கோலை நோக்கி 40 மீட்டர் உச்ச வேகத்தில் ஓட வேண்டும். ஒரு ஆட்டத்தில் இது பலமுறை நடக்கும். வான் டி வென் 2024 ஜனவரியில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக மணிக்கு 37.38 கி.மீ. தொட்டு பிரீமியர் லீக் வேக சாதனை படைத்தார். அந்த வேகத்தை நம்பித்தான் மொத்த அமைப்பும் நின்றது. அந்த வேகமே அவர் தொடையைத் தின்றது. 2023 நவம்பரில் செல்சீக்கு எதிராக ஒருமுறை, 2024 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக இன்னொருமுறை. டிசம்பர் 8 அன்று செல்சீக்கு எதிராக அவரும் ரொமேரோவும் காயத்திலிருந்து சேர்ந்தே திரும்பினார்கள். ரொமேரோ கால் மணி நேரத்தில் வெளியேறினார், வான் டி வென் கடைசிப் பத்து நிமிடத்துக்குச் சற்று முன்பு. அதற்குப் பிறகு 18 வயது ஆர்ச்சி கிரே, நடுக்கள ஆட்டக்காரர், வாரக்கணக்கில் சென்டர் பேக் ஆடினார்.

வரும் 2025-26 சீசன் இதைவிட நெருக்கடி. 38 லீக் ஆட்டம், சாம்பியன்ஸ் லீக் முதல் கட்டத்தில் 8, இரண்டு உள்நாட்டுக் கோப்பைகள், ஆகஸ்ட் 13 அன்று உடினேயில் பிஎஸ்ஜியோடு சூப்பர் கோப்பை. எல்லாக் கோப்பையிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றால்கூட 49 ஆட்டம். ஆகவே ஒவ்வொரு கோச்சிடமும் ஒரே கேள்வி: செவ்வாய், சனி, செவ்வாய் என்று ஓடும்போது உங்கள் அமைப்பு என் சென்டர் பேக்கை எவ்வளவு தூரம் ஓட விடும்?

இந்தக் கேள்வியில் இராவோலா முதலில் விழுகிறார், எனக்கு வருத்தம்தான். பார்க்க அவ்வளவு அழகான அணி. 2025 ஜனவரியில் காயப் பட்டியல் நீண்டு கிடந்தபோதே நியூகாசிலுக்குப் போய் 4-1, உள்ளூரில் ஃபாரஸ்டை 5-0 என்று அடித்தார்கள். 56 புள்ளி, 9ஆம் இடம், கிளப் சாதனை. ஆனால் அது களம் முழுக்க ஆளுக்கு ஆள் பிடித்து நெருக்கும் ஆட்டம். ஒருவர் தவறவிட்டால் பின்னால் இருப்பவர் விரட்டியே ஆக வேண்டும். வாரம் ஒரு ஆட்டம் ஆடிய போர்ன்மத்தே குளிர்காலத்தில் தேய்ந்து, வசந்தத்தில் வேகம் குறைந்தது. அதே அணியை வாரம் இரண்டு ஆட்டத்துக்கு இறக்கினால் போஸ்டகோக்லுவின் இரண்டாம் வருடத்தைத்தான் மறுபடி பார்ப்போம் என்பது என் பயம். இன்னொன்று: போர்ன்மத்தில் அவருக்கு முதல் லீக் வெற்றி பத்தாவது ஆட்டத்தில்தான் வந்தது. அந்தப் பொறுமை அப்போதைய கிளப் தலைவர் டேனியல் லெவியிடம் இருக்காது.

ஃபிராங்க்தான் செய்திகளில் முன்னால் நிற்பவர், காரணத்தோடுதான். எதிரணியைப் பார்த்துப் பின்வரிசையில் நான்கா ஐந்தா என்று மாற்றுவார். ஐந்து பேரோடு 2022 நவம்பரில் எதிஹாடுக்குப் போய் சிட்டியை 2-1 என்று வீழ்த்தினார். ஸ்ட்ரைக்கர் டோனியை விற்ற பிறகும் எம்புமோ 20, விஸ்ஸா 19 என்று லீக் கோல் குவித்து, அணி 66 கோல் அடித்தது. கார்னர், லாங் த்ரோ, கிக் ஆஃப் எல்லாவற்றிலும் வேலை தெரியும். 2024 செப்டம்பரில் தொடர்ந்து மூன்று லீக் ஆட்டத்தில் முதல் நிமிடத்துக்குள் கோல் அடித்தார்கள், அதில் ஒன்று ஸ்பர்ஸ் மைதானத்தில். இறங்கித் தற்காக்க வெட்கப்படாத கோச் என்பதால் ஓட்டச் சுமையும் குறையும்.

என் தயக்கம், பெரிய ஐரோப்பியக் கட்டத்தில் வாரம் இரண்டு ஆட்டம் என்ற தாளத்தை அவர் நடத்தியதில்லை என்பது. இரண்டாம் டிவிஷனில் 46 லீக் ஆட்டம் கொண்ட சீசன்களைத் தாண்டி வந்தவர் என்ற பதில் நியாயமானதுதான், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே செவ்வாய்க்கிழமை எதிராளியும் அதே களைப்போடு வருவான். 2025 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் உள்ளூரில் பிளிமத்திடம் 0-1 என்று பிரென்ட்ஃபோர்டு வெளியேறியதும் கண்ணை உறுத்துகிறது. ஆட்களை மாற்றி இறக்கும்போது அணியின் தரம் எவ்வளவு கீழே போகிறது என்பதற்கு ஒரு சின்ன மாதிரி அது. ஒரே ஆட்டம்தான், அதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

கிளாஸ்னரிடம் வருவோம். 3-4-2-1. அவர் அணியில் பின்னால் எப்போதும் மூவர். ஓரத்தில் பந்து விழுந்தால் அந்தப் பக்கத்து சென்டர் பேக் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார். 40 மீட்டர் விரட்டல் 15 மீட்டர் ஆகிவிடும். நடுவில் நிற்பவர் பின்னால் மூடிக்கொள்வார். நெருக்கும் இடமும் நடுக்களத்தில் தொடங்குவதால் தடுப்பு வரிசையை மைதானத்தின் பாதிக்குத் தூக்க வேண்டியதில்லை. எஃப்ஏ கோப்பை இறுதியில் சிட்டியிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, 16ஆம் நிமிடத்தில் எசே அடித்த ஒற்றை கோலோடு பேலஸ் தாக்குப்பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இந்த சீசன் ஸ்பர்ஸை இரண்டு லீக் ஆட்டத்திலும் அவரே வீழ்த்தினார், 1-0, 2-0.

இதைவிட முக்கியம், ஸ்பர்ஸிடம் ஆட்கள் இருக்கிறார்கள். ரொமேரோ அட்டலாண்டாவில் மூவர் பின்வரிசையில் வளர்ந்தவர். டான்சோ லான்ஸில் அப்படியே ஆடினார். வான் டி வென்னுக்கு இடது பக்க இடம் கச்சிதம். டிராகுஷின் திரும்புவார், வுஷ்கோவிச் இந்தக் கோடையில் சேர்கிறார், டேவிஸ் முன்னாள் கோச் கான்டேயின் கீழ் அதே இடத்தில் ஆடியவர். போரோ ஸ்போர்ட்டிங்கில் விங் பேக் (ஓரம் முழுக்க ஏறி இறங்குபவர்), உடோகி உடினேசேயில் விங் பேக். இருவரையும் கிளப் வாங்கியதே அதைப் பார்த்துத்தான். சோன் 23 கோல் அடித்து, லீகில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் விருதைப் பகிர்ந்துகொண்ட 2021-22 சீசனின் பெரும்பகுதியிலும், குலுசெவ்ஸ்கி வந்தவுடன் ஜொலித்த அந்த அரை சீசனிலும் பின்னால் மூவர்தான் நின்றார்கள்.

விங்கர்கள் வீணாவார்களே என்பார்கள். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 18 கோல் அடித்த பிரென்னன் ஜான்சன்தான் அங்கே கேள்விக்குறி. பேலஸில் இஸ்மைலா சாரைப் பாருங்கள். அவரும் ஓரத்து ஆட்டக்காரர்தான். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் உள்ளே கொண்டுவந்து, தடுப்பாளர் முதுகுக்குப் பின் ஓட வைத்தார் கிளாஸ்னர். ஜான்சனின் பலமும் அதே ஓட்டம்தான். டெல், ஒடோபெர் இருவருக்கும் இடம் குறையும், அதை மறைக்க முடியாது. நடுக்களத்திலும் ஒரு ஓட்டை உண்டு: ஆடம் வார்ட்டன் போல வாங்கிய கையோடு முன்னால் பாஸ் போடும் ஆள் ஸ்பர்ஸில் இல்லை. பென்டன்குரும் பெர்க்வாலும் சேர்ந்து சமாளிக்கலாம். இல்லையென்றால் ஒருவரை வாங்க வேண்டும்.

ஐரோப்பாவில் அவர் வரலாறு என்ன? 2021-22இல் ஃபிராங்க்ஃபர்ட்டோடு காம்ப் நோவில் பார்சிலோனாவை 3-2 என்று அடித்து, ஒரு ஆட்டமும் தோற்காமல் யூரோப்பா லீக் வென்றார். அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீகில் ஸ்பர்ஸ் இருந்த பிரிவிலேயே இரண்டாம் இடம் பிடித்து மேலே போனார். ஆனால் கோப்பை வென்ற அந்த சீசனில் ஃபிராங்க்ஃபர்ட் பண்டஸ்லீகாவில் 11ஆம் இடம். அடுத்த சீசன் வசந்தத்தில் நீண்ட சரிவு, கடைசியில் 7. ஆக, வாரம் இரண்டு ஆட்டம் அவரையும் கடித்திருக்கிறது. இதைச் சொல்லாமல் அவரைத் தூக்கிப் பிடிப்பது நேர்மை இல்லை. 11ஆம் இடம் ஸ்பர்ஸின் 17ஆம் இடம் அளவுக்கு மோசமில்லை என்பதும், அந்த ஃபிராங்க்ஃபர்ட்டைவிட இந்த ஸ்பர்ஸில் மாற்று ஆள் அதிகம் என்பதும்தான் என் வாதம். இந்த சீசன் பேலஸ் முதல் எட்டு லீக் ஆட்டத்தில் ஒன்றுகூட வெல்லவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நிர்வாகத்தோடு ஒத்துப்போவாரா என்பது இரண்டாவது ஆபத்து. வோல்ஃப்ஸ்புர்க்கை சாம்பியன்ஸ் லீகுக்குக் கொண்டுபோன கையோடு வெளியேறினார். அங்கே விளையாட்டு இயக்குநரோடு உறவு கசந்தது ஊரறிந்தது. ஆள் வாங்குவதில் திருப்தி இல்லையென்றால் வெளிப்படையாகவே பேசுவார். 2023 மார்ச்சில் சவுத்ஹாம்ப்டன் ஆட்டத்துக்குப் பிறகு கான்டே கிளப்பையே வெளிப்படையாகச் சாடி வெடித்ததை லெவி மறந்திருக்க மாட்டார்.

பேலஸ் விடுமா, அவர்தான் வருவாரா என்பதும் சின்ன விஷயமில்லை. கிளப்பின் முதல் பெரிய கோப்பையை வாங்கிக் கொடுத்து ஐரோப்பாவுக்கு அழைத்துப்போகிறவர். ஒரே உரிமையாளரின் பல கிளப்கள் ஒரே ஐரோப்பியப் போட்டியில் ஆடக் கூடாது என்ற விதியில், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுவேஃபா என்ன முடிவு சொல்லும் என்பது மட்டும் பாக்கி. லெவி கேட்பதென்றால் இந்த வாரமே கேட்க வேண்டும். ஜூலை 31 அன்று ஹாங்காங்கில் ஆர்சனலோடும் ஆகஸ்ட் 3 அன்று சியோலில் நியூகாசிலோடும் நட்பு ஆட்டம், பத்து நாளில் உடினே. பயணத்தைக் கழித்தால் புதிய பின்வரிசையைப் பழக்க மூன்று முழு வாரம்கூட ஒழுங்காகக் கிடைக்காது. ரொமேரோவை அட்லெட்டிகோவுக்கு விற்பதா என்பதும் அதற்கு முன்பே தீர வேண்டும்; அவர் போனால் மேலே சொன்ன கணக்கில் பாதி போய்விடும்.

கிளாஸ்னர் மறுத்தால் தயங்காமல் ஃபிராங்க். அப்போது இரண்டு விஷயத்தை மட்டும் அவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்: ஐரோப்பிய ஆட்டத்துக்கு அடுத்த லீக் ஆட்டத்தில் ரொமேரோ, வான் டி வென் இருவரையும் சேர்த்து இறக்கக் கூடாது, பிரென்ட்ஃபோர்டில் அரைகுறையாகப் பயன்படுத்திய மூன்று சென்டர் பேக் அமைப்பை ஹாங்காங்கிலேயே ஆடிப் பார்க்க வேண்டும்.