காட்ஸ்வோல்ட்ஸ் கிராமத்தில் குடியிருந்து பார்த்ததில்

லண்டனை விட்டு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதிக்குக் குடிவரலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிப்பிங் கேம்ப்டன் என்ற சிறு நகரத்தை அடுத்த ஒரு சின்ன கிராமத்தில் பல வருடங்களாக இருக்கிறோம்.

வந்தவுடன் கண்ணை இழுப்பது கல்தான். வீடு, சர்ச், வயல் மதில் எல்லாமே தேன் நிறச் சுண்ணாம்புக்கல். மதிலில் சாந்தே கிடையாது, கல்மேல் கல் பொருத்தி அடுக்கியது. பெரிய சர்ச்சுகள் பலவும் இடைக்காலக் கம்பளி வியாபாரத்தில் வந்த பணத்தில் எழுந்தவை. 1966இலேயே இந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு ஆகிவிட்டது.

அந்த அழகைக் காப்பாற்றும் செலவு குடியிருப்பவர் தலையில் விழும். எங்களுடையது பாரம்பரியப் பட்டியலில் உள்ள பழைய வீடு. ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் மாற்றினால் குற்ற வழக்கே வரலாம். குழாய் எரிவாயு கிடையாது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை அக்கம்பக்கத்தார் சேர்ந்து மொத்தமாக ஆர்டர் செய்கிறோம், விலை கொஞ்சம் குறைகிறது. பஸ் அபூர்வம். கார் ஓட்டத் தெரியாதவருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் இது பெரிய கஷ்டம்.

இவ்வளவுக்கும் பிறகு என்னை இங்கே பிடித்து வைத்திருப்பது ஒற்றையடிப் பாதைகள். தனியாரின் வயலுக்கு நடுவே போனாலும், அது பொதுப்பாதை என்றால் யாரும் நம்மைத் தடுக்க முடியாது. மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்து நடந்தால் போதும். வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுது விதைத்தாலும், 14 நாளுக்குள் அதை மறுபடி நடக்கும்படி சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். நம் பங்குக்கு, நாம் திறந்த வயல் கதவை மூட வேண்டும், ஆடுகள் மேயும் இடத்தில் நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும். பாத் நகரம் வரை 164 கிலோமீட்டர் போகும் காட்ஸ்வோல்ட் வே என்ற நெடும் நடைபாதை சிப்பிங் கேம்ப்டனில்தான் தொடங்குகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது பக்கத்து ஊர் வரை போகும் சேற்றுப் பாதைதான். ஊர்க்காரர்கள் எனக்கு அறிமுகமானதே அதில்தான். வீடு தேடி வந்து பேசும் பழக்கம் அவர்களிடம் குறைவு. பாதையில் எதிரே வந்தால் நின்று அரைமணி நேரம் பேசுவார்கள்.

அப்புறம், ஊர்க் கடையை நடத்துவது தன்னார்வலர்கள். வாரத்தில் ஒரு மதியம் நீங்களும் கல்லாவில் உட்காருங்கள், எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

வீடு வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், எங்கள் ஊரில் தெருவிளக்கும் இல்லை. மே மாதத்து வெயிலைப் பார்த்துவிட்டு மட்டும் முன்பணம் கொடுக்காதீர்கள்.