எல்கேஜிக்கு முந்தைய அந்த ஒரு வருஷம்: ப்ளே ஸ்கூலா, அங்கன்வாடியா, வீடா?

பொங்கல் முடிந்த கையோடு, இரண்டரை வயதுக் குழந்தை இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான். யார் வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்திருக்கிறது, எந்தப் பள்ளியில் அப்ளிகேஷன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், ப்ளே ஸ்கூலில் ஒரு வருஷம் போட்டால்தான் எல்கேஜியில் அழாமல் உட்காருமா, இல்லை வீட்டிலேயே வைத்திருந்து நேராகச் சேர்த்துவிடலாமா. மாமியார் ஒன்று சொல்வார், மேல் வீட்டு அக்கா வேறொன்று சொல்வார். தெருமுனையில் இருக்கிற அங்கன்வாடியைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை. அதையும் சேர்த்தே பார்க்கலாம்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், வீட்டுப் பழக்கமும் அங்கன்வாடியில் அரை நாளும் போதும். ப்ளே ஸ்கூல் என்பது பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்குக் கிடைக்கிற ஒரு வசதி, நல்ல இடமாக அமைந்தால் கொடுக்கிற காசுக்குத் தகும், ஆனால் அதில் போடாத குழந்தை பின்தங்கிவிடும் என்பதெல்லாம் சும்மா.

எதை வைத்து அளப்பது

ஏபிசிடி, ரைம்ஸ் என்று அளந்தால் ப்ளே ஸ்கூல்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் ஜூன் மாதத்தில் எல்கேஜி மிஸ் யாரிடமாவது பேசிப் பாருங்கள், எழுத்துத் தெரியாத குழந்தையைப் பற்றி ஒருவரும் புலம்ப மாட்டார்கள், அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே அவர்கள் இருக்கிறார்கள். உச்சா வந்தால் சொல்லத் தெரியாமல் நனைத்துக்கொண்டு நிற்கிற குழந்தை, டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு யாராவது ஊட்டிவிடுவார்கள் என்று காத்திருக்கிற குழந்தை, அம்மா திரும்பி வருவாளா மாட்டாளா என்று புரியாமல் பத்து மணியிலிருந்து வாசலையே பார்க்கிற குழந்தை, இவர்களைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆகவே டாய்லெட், சாப்பாடு, வாய்விட்டுக் கேட்பது, பிரிந்து இருப்பது, இந்த நான்கைத்தான் நான் பார்க்கிறேன். இன்னும் ஒன்றைச் சேர்க்கலாம், முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் தன் முறை வரும்வரை காத்திருப்பது.

வயதையும் கவனியுங்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருந்தால் எல்கேஜி, ஐந்து முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கே மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, உங்கள் கையில் இருக்கிற காலம் ஒரு வருஷமோ அதற்கு மேலோ கூடலாம், குறையலாம். மே, ஜூனில் பிறந்த குழந்தைக்கு மூன்று முடிந்தவுடன் எல்கேஜி என்பது கொஞ்சம் அவசரம் என்றே எனக்குப் படுகிறது. அதே வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்த குழந்தையும் உட்கார்ந்திருக்கும்.

ப்ளே ஸ்கூல்

இதில் உண்மையான லாபம் கூட்டம் பழகுவதுதான். வீட்டில் ஒற்றைப் பிள்ளை, அபார்ட்மென்டில் வயசொத்த குழந்தை இல்லை என்றால், ஒரு பொம்மைக்கு நாலு பேர் போட்டி போடுகிற இடம் அதற்குப் புதிது. அழுது, பிடுங்கி, கடித்து, கடி வாங்கி (கடி வாங்காமல் ப்ளே ஸ்கூலை முடித்த குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை) மெதுவாகப் பழகிக்கொள்கிறது. குடும்பத்தில் இல்லாத ஒருவர் சொல்வதைக் கேட்கவும் பழகுகிறது.

சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலான இடங்களில் பெற்றோருக்குக் காட்டுவதற்காகவே பாடம் ஓடுகிறது. இரண்டரை வயதில் பென்சிலைக் கொடுத்துப் புள்ளிகளை இணைத்து ‘ஏ’ எழுதவைக்கிறார்கள், வீட்டுக்கு ஒர்க்‌ஷீட் வருகிறது, நாமும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்கிறோம். அந்த வயதில் பென்சிலை முஷ்டி மடக்கித்தான் பிடிக்கும், மூன்று விரலால் பிடிக்கிற பிடி மெதுவாக நான்கு, ஐந்து வயதில்தான் கைவரும். அதற்கு முன்னால் எழுதச் சொல்லி வற்புறுத்தினால் தப்பான பிடி நிலைத்துவிடுகிறது, எழுத்தென்றாலே ஒரு வெறுப்பும் வருகிறது.

அடுத்தது டயப்பர். “டயப்பர் போட்டே அனுப்புங்க மேடம்” என்று சொல்கிற ப்ளே ஸ்கூல்கள் நிறைய. அவர்களுக்கு வேலை மிச்சம், நமக்கும் துவைக்கிற வேலை இல்லை. ஆனால் எதைப் பழக்குவார்கள் என்று அனுப்பினோமோ அதுவே தள்ளிப்போகிறது. என் அக்கா மகன் ஒரு வருஷம் முழுக்க அப்படியே போய்வந்தான். ஏப்ரலில் ரைம்ஸ் அத்தனையும் மனப்பாடம், எல்கேஜியில் டயப்பர் கூடாது என்று சொன்னதும் மே மாதம் முழுக்க வீட்டில் துடைப்பமும் மாப்புமாகத்தான் போனது.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிறு ஊர்களில் சில ஆயிரங்களில் முடிவதும், சென்னையில் வருஷத்துக்கு லட்சத்தைத் தொடுவதும் இருக்கிறது. தமிழக அரசு 2015ல் ப்ளே ஸ்கூல்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது, அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். போய்ப் பார்க்கும்போது வரவேற்பறைச் சுவரில் இருக்கிற கார்ட்டூனில் மயங்காமல் நேராக டாய்லெட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை குழந்தை, ஆயாம்மா எத்தனை பேர், அழுகிற குழந்தையை யார் தூக்குகிறார்கள், இதைக் கேளுங்கள். பதில் சொல்வதற்குள் பாடத்திட்டப் புத்தகத்தை எடுத்து நீட்டினால் வேறு இடம் பார்க்கலாம்.

பலர் பெரிய பள்ளியின் ப்ரீகேஜியில் சேர்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, எல்கேஜி சீட்டைப் பிடித்துவைப்பது. ப்ரீகேஜியிலிருந்தே இடங்கள் நிரம்பிவிடுகிற பள்ளிகள் இருப்பதால் இது நியாயமான பயம்தான். அதற்காகச் சேர்த்தால் சேருங்கள், ஆனால் அது சீட்டுக்கான ஏற்பாடு, குழந்தையின் தயாரிப்பு வேறு. சேர்க்கைக்காகக் குழந்தையை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு வடிகட்டக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்ற பெயரில் அது நடக்கத்தான் செய்கிறது. அந்தச் சட்டத்தின்படி எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் இலவசமாகக் கிடைக்கிற 25 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ப்ரீகேஜிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் பள்ளியில் ஒதுக்கீடு எந்த வகுப்பிலிருந்து என்று விசாரித்துவிடுங்கள்.

அங்கன்வாடி

நம்மில் பாதிப் பேர் தடுப்பூசி நாளுக்கும் எடை பார்க்கவும் சத்துமாவு வாங்கவும் மட்டும் அங்கே போயிருப்போம். 1975 அக்டோபர் 2ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருகிற இடம் அது. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பள்ளிக்குப் போகும் முன் குழந்தைகளுக்குத் தருகிற முன்பருவக் கல்வியும் அவர்கள் வேலையில் அடக்கம். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது, பெயருக்கேற்றபடி பாட்டும் கதையும் விளையாட்டும்தான் அதில்.

மேலே சொன்ன நான்கில் சாப்பாட்டு விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மதியம் சுடச்சுடச் சாதம், வாரத்தில் சில நாள் முட்டை, எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அவரவர் கையால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் போனைக் காட்டினால்தான் வாயைத் திறப்பேன் என்கிற குழந்தை, பக்கத்துப் பிள்ளை அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் கையை விடுகிறது. பிஸ்கட் டப்பாவோடு போய்வருகிற ப்ளே ஸ்கூலில் இது நடக்காது. பேசுவதும் நம் தமிழ்தான் என்பதால் “டீச்சர், ஒன்னுக்கு வருது” என்று சொல்வதற்குக் குழந்தை தயங்குவதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வேன், யூனிஃபார்ம் கட்டணம், டேர்ம் ஃபீஸ் எதுவும் இல்லை. முதல் வாரம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்து அழைத்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் சாப்பாடு வரைக்கும், அப்புறம் தூங்கி எழும் வரைக்கும் என்று நம் இஷ்டப்படி நீட்டலாம். மூன்று மணி நேரத்துக்குக் காசு கட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் கூட்டிவர யாருக்கும் மனசு வராது, இங்கே அந்தக் கணக்கே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. எல்லாமே அந்த மையத்தின் ஊழியரைப் பொறுத்தது. ஒரே ஆள்தான் பதிவேடு எழுத வேண்டும், எடை பார்க்க வேண்டும், செல்போன் செயலியில் விவரம் ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகளைக் கவனிக்க வேண்டும், நடுவில் பிள்ளைகளுக்குக் கதையும் சொல்ல வேண்டும். கட்டடமும் கழிப்பறையும் சில ஊர்களில் அருமையாக இருக்கும், சில ஊர்களில் வாசலோடு திரும்பி வந்துவிடத் தோன்றும். பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதே என் வாதம், இரண்டு பக்கமும். காரில் போகிறவர் பிள்ளையும் அங்கே உட்காரலாமா என்ற தயக்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. 2019ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீடு

பாட்டி, தாத்தா, இல்லை வீட்டிலிருக்கும் அம்மாவோ அப்பாவோ, யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தால் டாய்லெட் பழக்கத்தில் வீட்டை மிஞ்ச எதுவும் கிடையாது. ஒரே ஆள், ஒரே இடம், அவசரம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், வீட்டில் வெஸ்டர்ன் மட்டும் இருந்து பள்ளியில் இந்தியன் டாய்லெட் என்றால் (மாறியும் நடக்கும்) குழந்தை உள்ளே போக மறுத்து மதியம் வரை அடக்கிவைக்கும். சேர்க்கப் போகிற பள்ளியில் எது இருக்கிறது என்று பார்த்து, உறவுக்காரர் வீட்டிலாவது அதில் சில தடவை பழக்குங்கள். பெல்ட், ஹூக் வைத்த கால்சட்டை வேண்டாம், எலாஸ்டிக் போதும். உங்கள் வீட்டுச் செல்லச் சொல் பள்ளியில் யாருக்கும் புரியாது, “மிஸ், பாத்ரூம்” என்று சொல்லவும் பழக்கிவிடுங்கள்.

விரலுக்கு வேலை கொடுப்பதிலும் வீடுதான் மேல். பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுங்கள், சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள், கோலமாவில் கிறுக்கட்டும். பென்சிலைப் பிடிக்க வேண்டிய தசைகள் இதில்தான் வளர்கின்றன. கூடவே டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கும்போது கடையிலேயே குழந்தையிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள், நாலு பக்கமும் க்ளிப் வைத்த அழகான டப்பா பல குழந்தைகளைப் பட்டினி போட்டிருக்கிறது.

வீட்டால் முடியாதது இரண்டு. கூட்டம் பழகாது. பார்க்குக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவது அதை முழுக்க ஈடுகட்டாது, ஏனென்றால் அங்கே நாம் பக்கத்திலேயே நிற்கிறோம். பிரிவும் தானாகப் பழகாது, வேண்டுமென்றே ஒத்திகை பார்க்க வேண்டும். சித்தி வீட்டில் விட்டுவிட்டு, “நீ சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வருவேன்” என்று சொல்லி, சொன்னபடியே வந்து நிற்க வேண்டும். மூன்று வயதில் பதினொரு மணி என்பது புரியாது, சாப்பாடு முடிந்ததும் என்பது புரியும். இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு மாமா வந்து, “சேட்டை பண்ணு, ஸ்கூல்ல மிஸ் பிரம்பு வெச்சிருக்காங்க” என்று சொல்லி ஒரே நிமிஷத்தில் காரியத்தைக் கெடுப்பார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைப்பது பெரிய வேலை, ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும்.

விஜயதசமியா, ஜூனா

இது தனிக் கேள்வி, அதிகம் பேர் யோசிப்பதில்லை. விஜயதசமி அன்று அரிசியில் ‘அ’ எழுதவைத்துச் சேர்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, பல பள்ளிகள் அன்று ப்ரீகேஜி சேர்க்கையும் நடத்துகின்றன. இதில் ஒரு வசதி இருக்கிறது. ஜூனில் இருபது குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுகின்றன, ஒன்று ஆரம்பித்தால் வகுப்பே தொடரும், மிஸ்ஸுக்கு யாரைத் தூக்குவது என்று தெரியாது. அக்டோபரில் பழைய பிள்ளைகள் அடங்கி விளையாடிக்கொண்டிருப்பார்கள், புதிதாக வருவது இரண்டு மூன்று பேர், மிஸ்ஸின் மடி காலியாக இருக்கும். மூன்று வயதை இப்போதுதான் தொட்டிருக்கிற, கொஞ்சம் பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கு நான் இதைத்தான் சொல்வேன். கெட்டது என்னவென்றால் முழு வருஷக் கட்டணமும் கேட்கிற இடங்கள் உண்டு, பேசிப் பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் மழையும் சளியும் வேறு.

முதல் வாரம்: நைசாக நழுவுவதா, சொல்லிவிட்டுப் போவதா

“குழந்தை விளையாடும்போது பார்க்காம கிளம்பிடுங்க” என்று பள்ளியிலேயே சொல்வார்கள். அன்றைக்கு அழுகை குறையும் என்பது உண்மை. மறுநாள் உங்கள் துப்பட்டாவைப் பிடித்த கையை விடாது, கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்பதைத்தானே அது கற்றுக்கொண்டது. சொல்லிவிட்டுக் கிளம்பினால் வாசலில் பெரிய கச்சேரி நடக்கும், பார்க்கிறவர்கள் உங்களைக் கல்நெஞ்சு என்பார்கள், ஆனால் வர வர நேரம் குறையும். சொல்லிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், ஜன்னலோரம் ஒளிந்து நிற்பதும் இரண்டிலும் மோசம். கூடவே வகுப்பில் உட்கார அனுமதித்தால் முதல் ஓரிரு நாள் உட்காரலாம், அதற்கு மேல் நீங்கள் இருக்கிற வரை குழந்தை மிஸ்ஸிடம் போகாது.

எல்லாம் பழகின பிறகு, திங்கட்கிழமையோ ஒரு காய்ச்சல் விடுமுறைக்கு அப்புறமோ மறுபடி அழுகை வரும். ப்ளே ஸ்கூலில் ஒரு வருஷம் சிரித்துக்கொண்டே போன குழந்தையும் எல்கேஜியில் புது வாசலைப் பார்த்து அழும், கட்டின காசு வீண் என்று நினைக்க வேண்டாம், சீக்கிரம் அடங்கிவிடும்.

வேன் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. முதல் மாதம் நீங்களே கொண்டுபோய் விட்டு, நீங்களே அழைத்து வாருங்கள். முடியாதவர்கள் அழைத்து வருவதையாவது வைத்துக்கொள்ளுங்கள், சொன்னபடி வந்து நிற்கிற முகம்தான் அந்த வயதுக்கு முக்கியம். ஜூலையிலிருந்து வருகிறோம் என்று வேன்காரரிடம் ஏப்ரலிலேயே சொல்லி இடத்தைப் பிடித்து வைத்துவிடுங்கள், ஜூன் நடுவில் போய்க் கேட்டால் கடைசி ஸ்டாப், காலை ஏழு மணி என்பார்.