பேரிங் மாற்றியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், சென்சாருக்கோ மாட்யூலுக்கோ உடனே பணம் கட்டாதீர்கள்

மதுரையில் பளபளவென்று போர்டு வைத்திருக்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்கு நடந்தது இது. வேறு யாருக்கும் நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இடது முன்சக்கரத்தில் உறுமல் சத்தம் வந்ததால் வீல் பேரிங் மாற்றக் கொடுத்தேன். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் வண்டியை வெளியே எடுத்துத் தெருமுனை திரும்புவதற்குள் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு (அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு) எரிந்தது. திரும்பக் கொண்டுபோனால், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார், சென்சாருக்கு வயசாயிடுச்சு" என்றார் சூப்பர்வைசர். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரைத்தான் சொன்னார். மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்து, ரீடிங் சரியில்லை என்று நிரூபித்தும் காட்டினார்! இப்போதைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆக்டிவ் வகை சென்சார். மின்சாரம் கொடுத்தால்தான் அது சிக்னல் தரும். ஓம்ஸ் சோதனை எல்லாம் பழைய காயில் (கம்பிச்சுருள்) வகைக்குத்தான்.

புது சென்சார் 4,200 ரூபாய். ஸ்கேனரில் எரரை அழித்துவிட்டு, "பாருங்க, லைட் போயிடுச்சு" என்றார்கள். நிற்கிற வண்டியில் போகத்தான் செய்யும். வண்டி ஓடி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிடும்போதுதான் இந்தக் கோளாறு பிடிபடும். மறுபடி எரிந்தது. அடுத்த எஸ்டிமேட், ஏபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் மாட்யூல்: 46,000. ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டால், "பிரிண்ட் வராது சார்." கழற்றிய சென்சாரைக் கேட்டால், ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்களாம்.

வண்டியை எடுத்துக்கொண்டு, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். ஸ்கேனரை மாட்டி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாக ஓட்டினார். லைவ் டேட்டாவில், அதாவது ஓடும்போதே ஸ்கேனரில் தெரியும் வேக அளவுகளில், மூன்று சக்கரங்கள் 20 காட்டின. இடது முன்சக்கரம் மட்டும் 0. எரர் எண் சி0035, இடது முன்சக்கர சென்சார் சர்க்யூட்டைக் குறிப்பது. அவர் கேட்ட முதல் கேள்வியே, "பேரிங் ஏதும் மாத்துனீங்களா தம்பி?"

இந்த மாதிரி பேரிங்கில் ஒரு பக்கத்துச் சீலில் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி அழுத்திவிட்டால் பேரிங் அருமையாகச் சுற்றும், சத்தமே வராது. சென்சாருக்கு மட்டும் படிக்க ஒன்றும் இருக்காது. பார்வைக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொருத்தும் முன் ஒரு குண்டூசியை அருகில் கொண்டுபோய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல், தாங்கள் வைத்த கோளாறுக்கு என்னிடமே 46,000 கேட்டார்கள். பிரஸ்ஸில் வைத்து வெளியே தள்ளினால் திருப்பிப் போட்ட அந்தப் பேரிங் வீண் என்பதால் புதிது போட்டோம். கூலியோடு 3,600. விளக்கு அணைந்தது.

பேரிங்கில் கை வைக்காமலே விளக்கு எரிந்தால் வளையத்தில் துருவோ சேறோ இருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். எதுவானாலும், ஓடும்போது எடுத்த லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் லாக் ஆகலாம், மழையில் கவனம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதற்கப்புறம் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. அந்த 4,200-ஐ அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்கிறார்களாம். மறுபடி அங்கே வண்டியை விடுவேன் என்று எப்படித்தான் நினைத்தார்களோ! பணமாகவே வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.