பலாப்பிஞ்சுக் கறியும் ஒரு வார இறுதித் தியானமும்

தியான நிலையமொன்றில் வந்தவர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே அள்ளிக்கொள்ள விடலாமா என்ற கேள்வி, டொராண்டோவுக்குத் திரும்பிய பின்னும் என்னை விட்டபாடில்லை. கண்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டமொன்றை ஒட்டியிருக்கும் அந்த நிலையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அங்கே குறை கேட்பதற்கு ஒரு மேசையோ, கருத்தெழுத ஒரு படிவமோ இல்லாத காரணத்தால் இங்கே எழுதுகிறேன்.

நுழையும்போது நிரப்பத் தந்த படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழும் ஓர் அரச கரும மொழியென்று 1987இல் இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் சொல்லிவிட்டது. ஆனால் அது அரசாங்கத்துக்கு, தனியார் தியான நிலையத்துக்கு அல்ல என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தேன். கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். வரவில்லை. மறுநாள் கறிக்குத்தான் வந்தது.

சனிக்கிழமை எல்லோரும் அட்டசீலம், அதாவது பௌத்தர்களின் எட்டு நோன்பு விதிகள், எடுத்திருந்தோம். அந்த எட்டில் ஒன்று, நண்பகலுக்குப் பின் திட உணவு உண்பதில்லை என்பது. விடியற்காலையில் இலைக்கஞ்சி, மாலையில் கித்துள் கருப்பட்டித் துண்டுடன் வெறுந்தேத்தண்ணீர். ஆகவே முற்பகல் பதினொன்றரை மணிச் சாப்பாடுதான் அன்று முழுவதற்குமான சோறு. டொராண்டோவில் இப்படியொரு வார இறுதிக்குப் பல நூறு டொலர் கேட்பார்கள், ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியும் வைப்பார்கள். இங்கே ஓர் உண்டியலும், மண்சட்டியிலிருந்து எழும் வாசனையும்தான்.

அந்த வாசனை பலாப்பிஞ்சுக் கறியினுடையது. சிங்களவர் பொலொஸ் என்று சொல்வார்கள். கொறக்காப்புளியும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து, கறுத்துச் சுருளும்வரை மெல்லிய தணலில் மணிக்கணக்காக வைத்து இறக்குவது. கனடாவில் தகரத்தில் அடைத்து விற்பதை அதே பெயரால் அழைப்பதே பாவம். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற மனிதர், பருத்த தோளும் வெள்ளைச் சாரமுமாக, அகப்பையை மூன்று முறை சட்டியின் அடிவரை விட்டு எடுத்தார். நான் போய்ப் பார்த்தபோது சட்டியில் எஞ்சியிருந்தது ஒரு கறிவேப்பிலைக் காம்பு. மௌன விரதம் என்பதால் எதுவும் சொல்ல வழியில்லை. கண்ணால் முறைக்கலாமென்றால், பார்வையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டுமென்பதும் அங்கே ஒரு விதி.

தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில், அன்னதானக் கந்தன் என்று பெயர்பெற்ற அந்த முருகனின் வாசலில், மடங்களிலே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவன் நான். வாளியோடு வருபவருக்கு யார் இலையில் கறி விழவில்லை என்பது தெரியும். இல்லாவிட்டால் பக்கத்து இலைக்காரர் கூப்பிட்டுச் சொல்வார். பரிமாறுவதென்பது ஒரு வேலை, அதற்கு ஒரு கண் வேண்டும். ஒவ்வொருவரும் தம் அளவை அறிந்து எடுப்பார்கள் என்று நம்பிச் சட்டியைத் திறந்து வைப்பது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கமாகவே எனக்குப் படுகிறது. பிக்குகளின் பாத்திரத்தில்கூட அன்னத்தை மற்றவர்கள்தானே இடுகிறார்கள்?

பிற்பகல் நடைத் தியானம் முழுவதும் பலாப்பிஞ்சோடுதான் நடந்தேன். மனதில் எழுவதைப் பெயரிட்டுக் கவனியுங்கள் என்பது, பர்மாவின் பிக்கு மகாசி சயாதோ பரப்பிய முறை. "கோபம், கோபம்" என்று நானும் பெயரிட்டேன். தாடை இறுகியிருந்தது, நெஞ்சு சுட்டது. பெயரிடப் பெயரிட அந்த மனிதரின் அகப்பை மேலும் பெரிதாகியது.

அன்றிரவு உரை நிகழ்த்திய ஆசிரியர், ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்தத் தியான நூலிலிருந்து கோபம் தணிக்கும் வழிகளை வரிசையாகச் சொன்னார். காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் புத்தகோசர் என்பதால் எனக்குக் கொஞ்சம் சொந்தம் தோன்றியது. எதிரியைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்த்து, அவருடைய தலைமயிரின் மேலா கோபம், நகத்தின் மேலா கோபம் என்று கேட்டுக்கொள்ள வேண்டுமாம். அகப்பையைப் பிடித்த விரல்களின் மேல் என்று எனக்கு உடனடியாகவே விடை கிடைத்துவிட்டது. எதுவும் பலிக்காவிட்டால் கடைசி வழி, கோபத்துக்குரியவருக்கே எதையாவது கொடுப்பது. இராசகிருகத்து வேணுவனத்துக்கு வந்து புத்தரைத் திட்டித் தீர்த்த அக்கோசக பாரத்துவாசன் என்ற பிராமணனின் கதையையும் சொன்னார். விருந்தினர் தொடாத உணவு யாருக்குச் சொந்தம் என்று புத்தர் கேட்க, வைத்த எனக்கே என்கிறான் அவன். அப்படியானால் நீ தந்த வசவை நான் ஏற்கவில்லை, அது உனக்கே உரியது என்கிறார் புத்தர்.

ஞாயிறு மதியம் சமையற்கட்டு வாசலில் என்னை நிறுத்திய பெண், பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வேலைக்கு வருபவர். "நேத்து ஒங்களுக்குப் பலாக்கறி கெடைக்கலைங்களே ஐயா" என்று தணிந்த குரலில் சொல்லி, மூடி வைத்திருந்த சிறு கிண்ணத்தைக் கையில் தந்தார். அங்கே நான் கேட்ட முதல் தமிழ் அதுதான். இருநாளும் என் தட்டைப் பார்த்த கண் ஒன்று அந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறது. அந்தக் கண்ணை அடுப்படியில் வைத்துவிட்டு, சட்டியை மட்டும் கூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

பருத்த தோளுக்காரர் எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தார். புத்தகோசரின் கடைசி வழியையும் பார்த்துவிடுவோமென்று கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் புன்னகைத்தார், வயிற்றைத் தடவிக் காட்டினார், கையை அசைத்து மறுத்தார். அக்கோசகன் கணக்குப்படி கறி எனக்கே திரும்பி வந்துவிட்டதால் முழுவதையும் நானே சாப்பிட்டேன். உப்புச் சற்றுக் கூடியிருந்தது.